ஸ்பேனர் எடுக்கும் முன்

பழைய மாருதி 800-க்கு ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே மாற்றப் போகிறேன். 'கழற்றுவீங்க, திரும்ப மாட்டத் தெரியுமா?' என்கிறார் மனைவி. என்ன பதில் சொல்ல?
— ஒரு வாசகர், ஈரோடு

அவர் பாதிதான் கேட்டிருக்கிறார். மீதியை நான் கேட்கிறேன்: கேஸ்கெட் போகுமளவுக்கு இன்ஜின் ஏன் கொதித்தது? ரேடியேட்டர் அடைப்பா, தெர்மோஸ்டாட்டா, ஃபேனா? அது தெரியாவிட்டால், கேஸ்கெட்டை இரண்டாக வாங்கிவிடுங்கள்!

ஹெட் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். அதனால் ஹெட் வளைந்திருக்கிறதா என்று பட்டறையில் காட்டிவிட்டே மாட்டுங்கள். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, டார்க் ரெஞ்ச் வைத்து, படிப்படியாக முறுக்க வேண்டும்.

வடித்த கூலன்ட்டை உடனே மூடி வையுங்கள். கிளைக்கால் என்ற ரசாயனம் கலந்த அந்தத் தண்ணீர் இனிக்கும். தெருநாய் நக்கிக் குடித்தால் உயிருக்கே ஆபத்து.