காற்றடிக்கும் உத்தியோகம்

விளக்குப் போடுவது இன்று ஒரு வேலையே இல்லை. ஐந்து வயதுப் பிள்ளை எம்பிக் குதித்து சுவிட்சைத் தட்டிவிட்டு ஓடுகிறது. யாரும் அதைக் கூப்பிட்டுப் பாராட்டுவதில்லை. பெட்ரோமாக்ஸ் காலத்தில் நிலைமை வேறு. கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக்காரர் வில்லைப் பூட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார். ஊர்த் தலைவர் துண்டை மடித்துப் போட்டு வந்திருப்பார். சாமியாடி உடம்பு முறுக்கித் தயாராக நிற்பார். ஆனாலும் லைட்டுக்காரர் வந்து காற்றடிக்கும் வரை சாமியே காத்திருக்க வேண்டும். பரீட்சை எழுதாமல், தேர்தலில் நிற்காமல் ஒரு மனிதருக்கு இத்தனை அதிகாரம் கிடைத்தது அந்த விளக்கால்தான்.

அந்த உத்தியோகத்தின் மேல் எனக்கு நெடுநாளாக ஒரு கண். நாகர்கோவிலில் ஒரு பழைய பாத்திரக் கடையில் கரி பிடித்த பெட்ரோமாக்ஸ் ஒன்றைப் பார்த்ததும் ஆசை முற்றிவிட்டது. கடைக்காரர் அதைத் தராசில் ஏற்றிப் பித்தளை விலைக்கே தந்தார். கண்ணாடிக்குத் தனியாகக் காசு கேட்கவில்லை. கண்ணாடியே இல்லை என்பது வேறு விஷயம்.

வீட்டில் மனைவி அதைச் சுற்றி வந்து பார்த்தாள். "இன்வர்ட்டர் இருக்கு, எமர்ஜென்சி லைட் இருக்கு, செல்போன்ல டார்ச் இருக்கு. இதுல எது ரிப்பேர்னு இத வாங்கிட்டு வந்தீங்க?" என்றாள். இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்வதைவிடப் புளியை எடுத்துப் பித்தளை தேய்ப்பது உடம்புக்கு நல்லது. தேய்த்தேன். டாங்க் பளபளத்தது.

எங்கள் தெருவில் ஓர் அண்ணாச்சி இருக்கிறார். ஒரு காலத்தில் கொடைகளுக்கும் கல்யாணங்களுக்கும் லைட் வாடகைக்கு விட்டவர். பளபளப்பைக் காட்டினேன். அவர் அதைக் கண்டுகொள்ளாமல் விளக்கைத் தலைகீழாகப் பிடித்தார். "மக்கா, மூஞ்சிய எவனும் பாப்பான். நீ அடியப் பாரு." டாங்கின் அடித்தகடு உள்ளே குழிந்திருக்க வேண்டுமாம். வெளியே புடைத்திருந்தால், எப்போதோ தாங்க முடியாத காற்றை வாங்கியிருக்கிறது என்று அர்த்தம். தையலில் கீறல் தெரிந்தாலும் அப்படியே. அந்த விளக்கைக் கண்ணாடி அலமாரியில் வைத்துக் கும்பிடலாம், ஏற்றக் கூடாது. என்னுடையது தப்பித்தது.

அடுத்தது உள்வேலை. பம்புக்குள் கிண்ணம் போல ஒரு தோல் வாஷர் இருக்கிறது. பல வருஷம் சும்மா கிடந்ததில் காய்ந்து விறைத்திருந்தது. தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டால் தோல் இளகி விளிம்பு விரியும். விரிந்த விளிம்பு குழாயைக் கவ்விப் பிடித்தால்தான் காற்று டாங்குக்குள் இறங்கும். இல்லையென்றால் அடிக்கிறவருக்கு உடற்பயிற்சி மட்டும் மிச்சம். பம்பின் அடியில் ஒரு சின்ன வால்வு உண்டு. காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. அதிலுள்ள ரப்பர் கெட்டால் டாங்கின் அழுத்தம் பின்னால் ஏறி, பம்புக் கம்பி யாரும் தொடாமல் தானாக எழுந்து நிற்கும். எங்கள் விளக்கில் அது எழுந்தபோது பக்கத்து வீட்டு அம்மாள் திருநீறு எடுக்கப் போனார். அண்ணாச்சி ஸ்க்ரூ டிரைவர் எடுக்கப் போனார்.

இதற்குள் ஊருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பெட்ரோமாக்ஸை நடுவில் வைத்துக்கொண்டு ஒருவன் தனியாக உட்கார்ந்திருக்கவே முடியாது; யோசனைகள் வந்து சேரும். மூடி வாஷருக்கு சைக்கிள் டியூபை வெட்டிப் போடச் சொன்னார் ஒருவர். அந்த ரப்பர் மண்ணெண்ணெயில் ஊறி உப்பிவிடும். கோட்டாறு கடையில் எண்ணெய் தாங்கும் வாஷர் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. இன்னொருவர், "கொஞ்சம் பெட்ரோல் கலந்தா டக்குனு பத்திக்கும்ல?" என்றார். பத்திக்கும் என்பதில் சந்தேகமில்லை, எது எது என்பதுதான் கேள்வி. மண்ணெண்ணெயின் ஆவி தீப்பிடிக்க அது 35, 40 டிகிரி அளவுக்காவது சூடாக வேண்டும். பெட்ரோல் பனிக்கட்டிக் குளிரிலும் தயாராக நிற்கும். அதைக் காற்றழுத்தத்தோடு அடைத்து மேலே நெருப்பு வைப்பதற்கு விளக்கு என்று பெயர் இல்லை. அந்த யோசனைக்காரரை அண்ணாச்சி கடைக்கு டீ வாங்க அனுப்பிவிட்டார்.

மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கடை உதவாது. எங்கள் அட்டையில் இரண்டு கேஸ் சிலிண்டர், அதனால் மண்ணெண்ணெய் கிடையாது. வெளியில் வாங்கியபோது மனைவி கணக்குப் போட்டாள்: ஒரு லிட்டர் ஊற்றினால் ஏழெட்டு மணி நேரம் எரியும், அந்தக் காசில் எல்இடி பல்பே ஒன்று வந்துவிடும். கணக்கு சரிதான். ஆனால் எல்இடி பல்பைப் பார்க்க அண்ணாச்சி வரமாட்டார்.

பிறகு மேண்டில். இந்தத் துணிப்பை இல்லையென்றால் பெட்ரோமாக்ஸ் வெறும் அடுப்பு. சூடான குழாயில் ஆவியான மண்ணெண்ணெய் ஊசித்துளை நிப்பிள் வழியே சீறி வந்து, காற்றோடு கலந்து நீலமாக எரிகிறது. அந்த நீலத்தில் பெரிய வெளிச்சம் கிடையாது. அதில் காய்ந்து வெண்மையாக ஒளிர்வது மேண்டில்தான். ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் இதற்கு 1885-இல் காப்புரிமை வாங்கினார். 1891-இல் தோரியம் ஆக்சைடு 99 பங்கு, சீரியம் ஆக்சைடு 1 பங்கு என்று பக்குவத்தைக் கண்டுபிடித்தார். பெட்ரோமாக்ஸ் விளக்கு அதற்குப் பின்னால் பெர்லினில் மாக்ஸ் கிரேட்ஸின் தொழிற்சாலையில் பிறந்தது. தோரியத்துக்கு எங்கே போவது என்று தேடிக்கொண்டிருந்தபோது, 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், இங்கிருந்து போன கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலைப் பிடித்துக்கொண்டே வந்து சேர்ந்த இடம் எங்கள் மணவாளக்குறிச்சி. அந்தக் கடற்கரையின் மோனசைட் மணல் கப்பலேறி மேண்டில் தொழிற்சாலைகளுக்குப் போயிற்று. எங்கள் ஊர்க் காலில் ஒட்டுகிற மணல் வெள்ளைக்கார ஊர்த் தெருக்களில் வெளிச்சமாக நின்றிருக்கிறது. இதைச் சொன்னதும் அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்தது. "அப்ப லைட்டு நம்ம ஆளுதான்" என்றார்.

தோரியத்துக்கு லேசான கதிரியக்கம் உண்டு. பாதி கரைய 1,400 கோடி ஆண்டு எடுத்துக்கொள்ளும். மேண்டிலுக்கு ஆயுள், ஓர் ஈசல் வந்து மோதும் வரை. முதல்முறை எரித்ததுமே நூல் போய்ச் சாம்பல் கூடுதான் மிச்சம். 1984-இல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் செந்தில் அதைப் பிடித்து நொறுக்கிய நாளிலிருந்து, மேண்டிலைத் தொடக் கூடாது என்பது தமிழ்நாட்டில் கைக்குழந்தைக்கும் தெரியும். சாம்பல் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது, புது மேண்டிலைத் திறந்தவெளியில்தான் எரிக்க வேண்டும், கட்டிய கையைக் கழுவ வேண்டும் என்பதற்கும் யாராவது ஒரு காமெடி எடுத்திருக்கலாம். இப்போது தோரியம் இல்லாத மேண்டிலும் வருகிறது.

ஏற்றும் நாள் வந்தது. பெட்ரோமாக்ஸ் பழங்காலத்து மாப்பிள்ளை மாதிரி. வரிசையில் ஒன்று குறைந்தாலும் முகம் கறுத்துவிடும். முதலில் முக்கால் டாங்க் எண்ணெய், மேலே காற்றுக்கு இடம். நெருப்பை நினைக்கும் முன்னால் கொஞ்சம் காற்றடித்து, மூட்டுக்கெல்லாம் சோப்பு நுரை பூச வேண்டும். குமிழி வந்தால் கசிவு, அன்றைய நிகழ்ச்சி ரத்து. குமிழி இல்லையென்றால் காற்றை இறக்கிவிட்டுக் கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்த வேண்டும். பகலில் அந்தத் தீ கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி ஊற்றுகிறவர்களால்தான் புருவத்துக்கு மை போடும் பழக்கம் வந்திருக்குமோ என்னவோ. ஸ்பிரிட் தீரும் தறுவாயில், குழாய் நன்றாகக் காய்ந்த பிறகு, காற்றடித்துத் திறக்க வேண்டும். பொறுமையில்லாமல் முன்னாலேயே திறந்தால் ஆவிக்குப் பதில் எண்ணெயே பாய்ந்து, மஞ்சள் தீ தலைக்கு மேல் எழும்பும். அப்போது ஓடக் கூடாது, ஊதக் கூடாது. காற்றுத் திருகைத் திறந்துவிட்டால் அழுத்தம் இறங்கித் தானாக அடங்கும்.

திறந்தோம். இரண்டு தும்மல், ஒரு நீல மூச்சு, பிறகு 'உஸ்' என்ற சத்தத்தோடு தெரு வெள்ளையாயிற்று. அண்ணாச்சி பிரஷர் மீட்டரின் சிவப்புக் கோடு வரை காற்றடிக்கும் பொறுப்பை எனக்குத் தந்தார். கூடியிருந்தவர்களில் பாதிப் பேர் "போதும்" என்றார்கள். மீதிப் பேர் "இன்னும் ரெண்டு" என்றார்கள். எரிகிறபோதே எண்ணெய் ஊற்றினால் என்ன என்று ஒரு குரல் கேட்டது. அண்ணாச்சி திரும்பிப் பார்த்த பார்வையில் குரல் பின்வரிசைக்குப் போயிற்று. அணைத்து, காற்றை இறக்கி, தொட்டால் சுடாத அளவு ஆறிய பிறகுதான் மூடியில் கை வைக்க வேண்டும்.

விளக்கை வீட்டுக்குள் தூக்கிப் போக நினைத்தேன். வாசலில் மனைவி மறித்தாள். மூடிய அறையில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனைகூடக் கிடையாது என்று நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். படித்த பாடத்தை என்னிடமே ஒப்பித்தாள். ஆகவே எங்கள் வீட்டில் அதிகாரம் இப்படிப் பிரிந்திருக்கிறது: உள்ளே இன்வர்ட்டரும் அவளும், வெளியே பெட்ரோமாக்ஸும் நானும்.

கரண்ட் போகும் இரவுகளில் வாசலில் ஏற்றி வைக்கிறேன். விளக்கைச் சுற்றி நாற்காலிகள் முளைக்கின்றன, டீ வருகிறது, பழைய கொடைக் கதைகள் வருகின்றன. வர விரும்புகிறவர்கள் தாராளமாக வரலாம். யோசனைகளை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வரவும். காற்றடிக்க ஏற்கனவே ஆள் இருக்கிறது.