கேள்வி-பதில்: மாணிக்க வியாபாரியும் மட்டக்களப்புத் தெற்கும்

கே: காக்கா, நம்மட ஊர்களில் எத்தனை போடியார்மார் இருக்க, காலியில் பிறந்த மாக்கான் மாக்காரை 1931இல் மட்டக்களப்புத் தெற்கிலிருந்து அரசாங்க சபைக்கு ஏன் தெரிவு செய்தார்கள்? (சாய்ந்தமருது)

ப: தம்பி, 1924இல் அவர் சட்டநிரூபண சபைக்குப் போனது முஸ்லிம்களுக்கென ஒதுக்கிய ஆசனத்தில். டொனமூர் யாப்பு அந்த ஒதுக்கீட்டை எடுத்துவிட்டு, 21 வயதான எல்லோருக்கும் வாக்குரிமை கொடுத்தது. இனி முஸ்லிம் ஒருவர் வெல்ல, முஸ்லிம்கள் நெருங்கி வாழும் தொகுதி வேண்டும். கல்முனையும் நிந்தவூரும் அக்கரைப்பற்றும் அப்படிப்பட்ட ஊர்கள். கைநாட்டு வைக்கிற வயற்காரனும் அவன் பெண்சாதியும் முதன்முதலாக வாக்குப் போட்டு, அரசாங்க சபைக்குத் தெரிவான ஒரே முஸ்லிமை அனுப்பினார்கள். பெருமையில் பெரும்பங்கு அவர்களுக்கே என்பேன்.

கே: பெரிய பணக்காரராமே? (சம்மாந்துறை)

ப: தகப்பன் 1860இல் காலியில் தொடங்கிய மாணிக்க வியாபாரம். பெல்மதுளையில் ஒரு வயலில் 1926இல் கிடைத்த நீலக்கல்லை வாங்கியது இவர்களின் நிறுவனம்தான். எடை 392.52 கரட். 2014 ஜெனீவா ஏலத்தில் அது 1.7 கோடி டொலருக்கு மேல் போனது. நம்ம வயலில் நெல்தான் விளைந்தது, ஆனால் மந்திரிப் பதவிக்கு வழி திறந்தது அந்த வயற்காரர்களின் வாக்கு.

கே: 1931 தேர்தலை வடக்கு பகிஷ்கரித்தபோது நாம் வாக்களித்தது சரியா? (மருதமுனை)

ப: சரிதான். யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் முழுச் சுயராச்சியம் கேட்டது, நியாயமான கோரிக்கை. ஆனால் அங்கே 4 தொகுதிகள் ஆளில்லாமல் கிடந்தன. நம் பக்கம் சபையில் ஒரு குரலாவது இருந்தது.

கே: மந்திரியாக அதிகாரம் இருந்ததா? (நிந்தவூர்)

ப: போக்குவரத்து, பொதுவேலைகள் அவர் பொறுப்பு. நாட்டின் முதல் முஸ்லிம் மந்திரி. இரத்மலானையில் விமான நிலையம் 1935இல் திறந்ததும் அவர் காலத்தில்தான். ஆனால் நிதி வெள்ளைக்கார அதிகாரியின் கையில். 7 மந்திரிகளில் சிறுபான்மையினர் இருவர்: இவரும், தொழில் மந்திரி பெரி சுந்தரமும்.

கே: 1936 தேர்தலில் என்ன நடந்தது? (அக்கரைப்பற்று)

ப: நாடு முழுவதிலும் ஒரு முஸ்லிமும் வெல்லவில்லை, மகள். டீ. பீ. ஜாயாவும் ராசிக்கும் ஆளுநரின் நியமனத்தில் வந்தார்கள். மந்திரிகள் எழுவரும் சிங்களவர். 5 வருடத்துக்குள் இவ்வளவு மாற்றம் என்பது இன்றைக்கும் மனதை உறுத்துகிறது. மாக்கான் மாக்கார் 1947இல் செனட் சபைக்குப் போனார். அது ஊர் ஊராய் வாக்குக் கேட்கத் தேவையில்லாத சபை.