விற்கவும் மாட்டார், நம்பவும் மாட்டார்

ஆப்பிள் பங்கை வாங்கி வைத்துக்கொண்டு, ஆப்பிளை ஒரு நாள்கூட நம்பாமல் காலம் தள்ளிய இனம் ஒன்று அமெரிக்காவில் உண்டு. நான் சொல்லப் போகிறவர் அந்த இனத்தில் பத்துப் பேரைப் பிசைந்து ஒருவராக்கினால் கிடைப்பவர். குபெர்டினோவில் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்தால் மைக்குக்கு முன்னால் முதல் ஆளாக நிற்பார். கையில் ஆண்டறிக்கை, அதன் அடிக்குறிப்புகளுக்குக் கீழே மட்டும் சிவப்புப் பேனாக் கோடு. “எனக்கு நூறு பங்கு இருக்கிறது” என்று ஆரம்பிப்பார், கம்பெனியில் பாதி தன்னுடையது என்கிற தோரணையில்.

வாங்கியது 1997 கடைசியில், பங்கு சுமார் 13 டாலருக்கு. அந்த அக்டோபரில்தான் டெல் கம்ப்யூட்டர் கம்பெனித் தலைவர் மைக்கேல் டெல், ஆப்பிள் தன் கையில் இருந்தால் அதை மூடிப் பணத்தைப் பங்குதாரர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். நம்மவர் கணக்குப் போட்டார்: மூடினால் நமக்கும் ஏதோ தேறும். ஆக, ஐயா முதலீடு செய்ததே கம்பெனி மூடப்படும் என்ற நம்பிக்கையில்தான். மூடாமல் போனதில் அவருக்குத் தீராத மனத்தாங்கல்.

மென்பொருள் என்று வாயெடுத்தால் போதும், “கோப்லாண்ட்” என்பார். வருகிறது வருகிறது என்று சொல்லிச் சொல்லி, 1996-ல் ஆப்பிள் கைகழுவிய இயங்குதளம் அது. சொந்தமாகச் செய்ய வரவில்லை என்று 40 கோடி டாலருக்கு மேல் கொட்டி நெக்ஸ்ட் கம்பெனியை வாங்கினார்கள்; கூடவே ஸ்டீவ் ஜாப்ஸும் வந்து சேர்ந்தார். 1997 ஆகஸ்டில் பாஸ்டன் அரங்கில் பெரிய திரையில் பில் கேட்ஸ் முகம் தெரிந்ததும் கூட்டம் கூச்சல் போட்டது. மைக்ரோசாஃப்ட் 15 கோடி டாலர் போடும், மேக்குக்கு ஐந்து வருஷம் ஆஃபீஸ் மென்பொருள் தரும் என்பது அறிவிப்பு. அந்தச் செய்தியைப் படித்தபோது நம்மவர் கேட்டது ஒன்றே ஒன்று: “ஆறாம் வருஷம்?”

நெக்ஸ்ட் வாங்கியதற்குப் பலன் வர 2000 செப்டம்பர் ஆயிற்று. வந்த புது இயங்குதளமும் சோதனைப் பதிப்புத்தான், விலை 29.95 டாலர். “தப்பு இருந்தால் கண்டுபிடித்துச் சொல்கிறவன் நான். காசு கொடுக்க வேண்டியவனும் நானா?” நியாயமான கேள்வி. அடுத்த மார்ச்சில் முழுப் பதிப்பு 129 டாலருக்கு வந்தபோது அதில் டிவிடி படம் ஓடவில்லை. அதையும் எழுதி வைத்துக்கொண்டார்.

இருந்தாலும் அவருடைய தனித் துறை விற்பனைதான். கம்பெனி “இத்தனை லட்சம் ஐமேக் விற்றோம்” என்றால், “கடைக்கு அனுப்பினீர்களா, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா?” என்பார். சனிக்கிழமை காலை கம்ப்யூட்டர் கடைக்குப் போய், அடுக்கியிருக்கும் பெட்டிகளின் மேல் ஆள்காட்டி விரலால் ஓர் இழுப்பு இழுப்பார். விரலைக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோய்த் தூசியைப் பார்ப்பார். “ஆறு வாரம்.” 1999-ல் ஐமேக் ஐந்து நிறத்தில் வந்தது முதல் வேலை ஐந்து மடங்காகிவிட்டது. நிறவாரியாக எண்ண வேண்டுமே! கடைப் பையன்கள் இவர் தலையைக் கண்டதும் பின்னறைக்குள் மறைந்துவிடுவார்கள்.

2000-ல் அவருக்கு யோகம் அடித்தது. பள்ளிக்கூட விற்பனையை வெளியாட்களிடமிருந்து பிடுங்கிச் சொந்த ஆட்களிடம் கொடுத்தது ஆப்பிள். அதுவும் எப்போது? பள்ளிகள் கம்ப்யூட்டர் வாங்கும் ஜூலையில். அதே மாதம் கியூப் என்று, மின்விசிறிகூட இல்லாத ஓர் அழகான பெட்டி, 1,799 டாலர் விலையில். செப்டம்பர் 28 மாலை லாபம் குறையும் என்று அறிவிப்பு வந்தது. மறுநாள் பங்கு 53.50-லிருந்து 25.75-க்கு விழுந்தது. ஜூனில் ஒன்றுக்கு இரண்டாகப் பிரித்திருந்ததால் இவரிடம் இருநூறு பங்கு. ஒரே நாளில் 5,550 டாலர் காகிதத்தில் கரைந்தது. அன்று அவர் முகத்தில் இருந்த களை கல்யாணத்தன்றுகூட இருந்திருக்காது. அடுத்த காலாண்டில் 19.5 கோடி டாலர் நஷ்டம் வேறு. தேங்கிய சரக்கைத் தள்ளிவிடப் படாத பாடு பட்டார்கள். தூசி பொய் சொல்லவில்லை. வினை அங்கேதான் பிடித்தது. ஒரு தடவை பலித்துவிட்ட ஜோசியரை அப்புறம் யாரால் அடக்க முடியும்?

2001 மே மாதம் ஆப்பிள் வர்ஜீனியாவிலும் கலிபோர்னியாவிலும் சொந்தக் கடைகளைத் திறந்தது. “சொந்தக் கடை போட்ட கம்ப்யூட்டர் கம்பெனி கேட்வேயைப் பாருங்கள்” என்றார். 2004-ல் கேட்வே மிச்சமிருந்த 188 கடைகளையும் இழுத்து மூடியபோது, அந்தச் செய்தியைக் கத்தரித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, பெயரை மாற்றிப் படித்துக் காட்டினார். ஆப்பிள் கடையில் கூட்டம் நெரிகிறதே என்றால், “ஓசியில் இமெயில் பார்க்க வந்தவர்கள். உள்ளே போகிறவனை எண்ணாதே, பையோடு வெளியே வருகிறவனை எண்ணு” என்பார். சூத்திரம் என்னவோ சரி. வாசலில் நின்று எண்ணத்தான் அவர் போகவில்லை.

ஐபாட் வந்தது: “399 டாலரா?” ஐடியூன்ஸை விண்டோஸுக்கும் கொடுத்தார்கள்: “இனி மேக்கை எவன் வாங்குவான்?” ஐபோன் வந்தது: “கீபோர்டு எங்கே?” நடுவில் 2005-ல் பங்கை மறுபடி இரண்டாகப் பிரித்தார்கள். இவரிடம் நானூறு ஆயிற்று.

இவ்வளவு சந்தேகம் இருந்தால் விற்றுத் தொலைக்கலாமே என்று கேட்டால் அதிர்ந்துபோவார். “விற்றுவிட்டால் மைக்கைத் தர மாட்டார்களே!”

மைக் கிடைத்தபோதெல்லாம் கேட்ட கேள்விகளில் மாறாத ஒன்று டிவிடெண்ட். 1996-ல் நிறுத்தியதை ஆப்பிள் மறுபடி தொடங்கியது 2012 ஆகஸ்டில். பங்குக்கு 2.65 டாலர், நானூறு பங்குக்கு 1,060. மொத்தமாகப் போட்ட முதலே 1,300 டாலர்தான்! நம்மவர் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் அடிக்குறிப்பு ஏதாவது இருக்கிறதா என்றும் தேடினார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “காசைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள், கவனித்தீர்களா? இனிமேல் செய்ய இவர்களிடம் சரக்கு இல்லை.”