மாடி யாருக்கு?

கேள்வி: கத்தரி வெயில் வந்துவிட்டது. வடாம் போட அத்தைக்கு மொட்டை மாடி வேண்டும். என் வெண்டை, தக்காளித் தொட்டிகளுக்கும் அதே மாடிதான். யாருக்கு விட்டுக்கொடுப்பது?
– வாசகி, திருச்சி

பதில்: சண்டைக்கே இடமில்லை, சகோதரி! அத்தைக்கு வேண்டியது வெயில். மே மாதத்தில் செடிக்கு வேண்டியது நிழல். பாதி மாடியில் 50 சதவீதப் பச்சை நிழல்வலை கட்டி, தொட்டிகளை அதன் கீழே நகர்த்துங்கள். மண்மேல் காய்ந்த சருகைப் பரப்பினால் ஈரம் நிற்கும். தண்ணீரைக் காலை 7 மணிக்குள் ஊற்றிவிடுங்கள்.

மீதி மாடி அத்தையின் ராஜ்ஜியம். நனைத்துப் பிழிந்த பழைய வேட்டியில், வெயில் ஏறுமுன் ஜவ்வரிசிக் கூழை ஊற்றட்டும். நன்றாகக் காய்ந்ததும் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் வடாம் அலுங்காமல் கழன்று வரும். அரிசி களைந்த தண்ணீர் செடிக்கு நல்லது. உப்புப் போட்ட கூழ்ப்பானையைக் கழுவிய தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம், வேர் தாங்காது.

காக்கை விரட்டப் பிள்ளைகளை உட்கார வையுங்கள். பாதி காய்ந்த வடாமைக் காக்கையைவிட அவர்கள்தான் அதிகம் தின்பார்கள். அந்த ருசி அப்படி! ஆகவே கூழை ஒரு படி கூடுதலாகவே கிளறச் சொல்லுங்கள்.