திரைதேர் படலம்: கிண்ணியாவில் ஒரு மொனிட்டர் ஆய்வு

கிண்ணியா நெய்தல் நிலம். கிழக்கே கொட்டியாரக் குடா, மேற்கே தம்பலகாமக் குடா, நடுவே ஊர். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன். எதற்காக இரங்குவது என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் விளங்கியது. ஒரு நாள் அஸருக்குப் பின், எங்கள் வீட்டு மொனிட்டர் இரண்டு தரம் கண் சிமிட்டி, குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு காட்டி, அணைந்துபோயிற்று. நெய்தலுக்குச் சிறுபொழுது எற்பாடு. எல் என்றால் ஞாயிறு, பாடு என்றால் படுதல். பொழுது சாயும் நேரம். நிலம், பொழுது, உரிப்பொருள் மூன்றும் பொருளிலக்கணப்படி அமைந்த மௌத்து.

இரங்கியவர்கள் இருவர். மகன் விளையாட்டுக்காக இரங்கினான், மனைவி படங்களுக்காக இரங்கினாள். செத்தது ஒன்று, இழவு இரண்டு. ஆகவே வாங்கப்போவது இருவருக்கும் பொருந்த வேண்டும் என்றும், அதை ஆராய்ந்து சொல்ல வீட்டில் வேலையில்லாமல் இருப்பவரே தகுதியானவர் என்றும் தீர்மானமாயிற்று. தீர்மானம் எடுத்த கூட்டத்துக்கு என்னை அழைக்கவில்லை.

முதலில் முன்னோர் கூற்று. எங்கள் மாவட்டமான திருகோணமலைக்கும் தட்டைத் திரைக்கும் உள்ள உறவு பழையது. 1956 இல் இலங்கைக்குக் குடிவந்த ஆர்தர் சி. கிளார்க், சுவாமி மலைக்குக் கீழே கடலடியில் முக்குளித்துத் திரிந்தவர். 1968 இல் வந்த அவருடைய '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' நாவலில் இரண்டு பலகைகள் வருகின்றன. ஒன்று கண்ணாடி போன்றது. அதற்குள் ஓடும் காட்சிகளை ஆதிக் குரங்கு மனிதர்கள் மெய்ம்மறந்து பார்க்கிறார்கள், பார்த்து முடிந்ததும் கொல்லப் பழகுகிறார்கள். மற்றது நிலவில் புதைந்து கிடப்பது, கன்னங்கரியது, அளவுகள் 1:4:9. உரைகாரர்கள் இதற்கு எத்தனையோ தத்துவம் சொல்வார்கள். முன்னது போட்ட மொனிட்டர், பின்னது அணைத்த மொனிட்டர் என்பது என் துணிபு. 9 ஐ 4 ஆல் வகுத்தால் 2.25 வரும். இன்றைய சாதாரணத் திரையின் 16:9 என்ற விகிதம் 1.78, கடைக்காரர் 21:9 என்று சொல்லும் அகலத் திரை ஏறத்தாழ 2.37. கிளார்க்கின் பலகை இரண்டுக்கும் நடுவே, எந்தக் கடையிலும் கிடைக்காத அளவில் நிற்கிறது.

குரங்குக்கும் திரைக்கும் உள்ள தொடர்பு நாவலோடு அற்றுப்போகவில்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் கரண்ட் போயிற்று. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதே காரணம் என்றார் எரிசக்தி அமைச்சர். கிளார்க்கின் குரங்குகள் பலகையால் அறிவு பெற்றன. பாணந்துறைக் குரங்கு எல்லாப் பலகைகளையும் ஒரே கணத்தில் அணைத்தது. பரிணாமம் எந்தத் திசையில் போகிறது என்பதை விலங்கியல் ஆசிரியர்களிடம் விட்டுவிடுகிறேன்.

இனி அளவு. மொனிட்டரை மூலைக்கு மூலை அளந்து அங்குலம் சொல்வது மரபு. இது மீனை வால் நுனியிலிருந்து மீசை நுனி வரை அளந்து விற்பதற்கு ஒப்பாகும். 24 அங்குலம் என்ற திரையின் அகலம் 21 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, உயரம் 12 க்குச் சற்றுக் குறைவு. 24 எங்கே என்று கேட்டால் சாய்வாகக் கை காட்டுவார்கள். மகன் அகலத் திரை கேட்டான். பக்கத்தில் வருகிற எதிரியும் தெரிவானாம். மனைவியின் தரப்பு வேறு. அவளுக்குப் பிடித்தவை கறுப்பு வெள்ளைக் காலத்துப் படங்கள், சதுரத்துக்குக் கிட்டியவை. அவற்றை அகலத் திரையில் போட்டால் இருபுறமும் சேர்ந்து ஐந்தில் இரண்டு பங்கு வெறும் கறுப்பு. மறுதலையாக, முதல் தமிழ் சினிமாஸ்கோப் படமான 'ராஜ ராஜ சோழன்' (1973) போன்றவற்றைச் சாதாரண 16:9 இல் போட்டால் மேலும் கீழும் கால்வாசி கறுப்பு. ஆக எந்தத் திரையை வாங்கினாலும் கறுப்புக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம். குறைந்த கறுப்பு எதில் என்று கணக்குப் பார்த்து 16:9 என்று தீர்ப்பளித்தேன். மகன் மேன்முறையீடு செய்தான், தள்ளுபடியாயிற்று.

அடுத்தது ஹேர்ட்ஸ். இங்கேதான் வீடு இரண்டுபட்டது.

"வாப்பா, அறுவதுல விளையாட ஏலா. அவன் நம்மளக் கண்டு சுட்ட பொறகுதான் நமக்கு அவன் தெரியிறான்."

இதை முதலில் வாலிபரின் மிகைக் கூற்று என்றே கொண்டேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். திரை ஒரு வினாடியில் எத்தனை தரம் படத்தைப் புதிதாகக் காட்டுகிறது என்பதே ஹேர்ட்ஸ். லசித் மாலிங்க நல்ல காலத்தில் மணிக்கு 144 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு பந்து போட்டதாகக் கொள்வோம். அது வினாடிக்கு 40 மீற்றர். 60 ஹேர்ட்ஸ் திரையில் அந்தப் பந்து ஒரு சட்டகத்திலிருந்து மறு சட்டகத்துக்கு 67 சென்ரிமீற்றர், அதாவது ஒன்றரை முழம் தாவும். 144 ஹேர்ட்ஸில் 28 சென்ரிமீற்றர்தான், ஒரு சாணுக்குச் சற்று மேல். ஒன்றரை முழத் தாவலில் பந்து மட்டையைக் கடந்து ஸ்டம்பையும் விழுத்திவிடலாம் என்பதால் மகனின் வாதத்தை ஏற்றேன். ஆனால் அவனும் அவனுடைய கூட்டாளிமாரும் வருடக்கணக்கில் விளையாடியது 2006 இல் வெளிவந்த 'கிரிக்கெட் 07'. அதற்கு இவ்வளவும் என்னத்துக்கு என்பது தனி ஆய்வுக்குரியது.

படத்துக்கு வேகம் வேண்டாமே, 24 சட்டகம்தானே என்பாரும் உளர். அது பொருந்தாது. என்னை? 60 ஐ 24 ஆல் வகுத்தால் இரண்டரை. அரைத் தரம் காட்ட ஏலாது என்பதால் திரை ஒரு சட்டகத்தை மூன்று தரமும் அடுத்ததை இரண்டு தரமும் காட்டும். மூன்று, இரண்டு, மூன்று, இரண்டு. நீளம், குறுக்கம், நீளம், குறுக்கம். யாப்பறிந்தோர் இதை நிரை நேர், நிரை நேர் என்று அலகிடுவர், வாய்பாடு புளிமா. கமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் வீடும் மரமும் நொண்டிக்கொண்டு போவது இதனால்தான். 144 ஐ 24 ஆல் வகுத்தால் சரியாக ஆறு. ஒவ்வொரு சட்டகமும் ஆறு தரம், ஒரே சீர், தேமா. மலிவாகக் கிடைக்கும் 75 ஹேர்ட்ஸில் மூன்றும் கொஞ்சமும் வரும். அங்கே தளை தட்டும். ஆக விளையாட்டுக்காக மகன் கேட்ட எண்ணே படத்துக்கும் ஓசை குறையாத எண் என்பது தெரியவந்தது. இருவரும் ஒரே விடயத்தில் உடன்பட்டது இந்த வீட்டில் இதுவே முதல் தடவை. அதனால் ஒருவரையொருவர் சந்தேகித்தார்கள்.

இதிலே ஓர் இடைப்பிறவரல். 1982 இல் ரூபவாஹினி ஒளிபரப்புத் தொடங்கியபோது கைக்கொண்ட வண்ண முறைக்குப் பால் என்று பெயர், வினாடிக்கு 25 சட்டகம். 24 சட்டகப் படத்தை அதில் காட்டும்போது சற்று வேகமாக 25 இல் ஓட்டிவிடுவதே உலக வழக்கம். அப்படி ஓட்டினால் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். மிச்சம் ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடத்தில் இஷாவுக்கு வுழூச் செய்துவிடலாம். பாலில் தண்ணீர் கலப்பார்கள் என்பது தெரியும். வற்றக் காய்ச்சியும் கொடுப்பார்கள் என்பது இதனால் அறியப்படும்.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். முதல் சிங்கள வண்ணப் படமான 'ரன்முத்து தூவ' (1962) கிளார்க்கின் கூட்டாளி மைக் வில்சன் எடுத்தது. அதன் கடலடிக் காட்சிகள் திருகோணமலைக் கடலில் எடுக்கப்பட்டவை. கடலுக்குள் இறங்க இறங்க முதலில் தொலைவது சிவப்பு. எங்கள் செத்த மொனிட்டரும் கடைசி ஒரு வருடம் சிவப்பைத் தொலைத்துவிட்டுத்தான் இருந்தது. நாங்கள் பார்த்த எல்லாப் படமும் கடலடிப் படமே.

புள்ளிச் சாவு என்று ஒன்று உண்டு. சாதாரணத் திரை ஒன்றில் 20,73,600 புள்ளிகள். 2001 இல் வந்த ஐஎஸ்ஓ 13406-2 என்ற சர்வதேச விதி, இரண்டாந்தர வகுப்புத் திரையில் பத்து லட்சம் புள்ளிக்கு இரண்டு அணையாமலும் இரண்டு எரியாமலும் இருக்கலாம் என்று அனுமதித்தது. ஓர் அரிசி 20 மில்லிகிராம் என்று வைத்தால், பத்து லட்சம் அரிசி 20 கிலோ. இருபது கிலோ அரிசியில் நாலே நாலு கல்! மனைவியிடம் சொன்னேன். "எந்தக் கடையில?" என்று கேட்டாள். மொனிட்டர் என்றதும் முகம் மாறிவிட்டது. அரிசிக் கல்லைப் பொறுக்கி எறியலாம். இந்தக் கல் கதாநாயகியின் மூக்கில் வந்து உட்கார்ந்தால் படம் முடியும் வரை அங்கேதான்.

வாங்கிய கதை சுருக்கம். இதை 2022 மார்ச் தொடக்கத்திலேயே வாங்கியிருக்கலாம். அப்போது டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. "அடுத்த மாசம் பாப்போம்" என்றேன். மே மாதத்தில் அது 360 ஐத் தொட்டது. அந்த மார்ச் முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததால் என் தாமதம் யாருக்கும் உறைக்கவில்லை. கரண்ட் இல்லாத நேரம் எந்த மொனிட்டரும் முழுக்கறுப்புக் காட்டும், விலை உயர்ந்த ஓலெட் திரைகூட அதற்கு மேல் கறுக்காது. கடைசியில் கொழும்பு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குப் போய்வந்த ஒருவரிடம் விசாரித்து, 24 அங்குலம், 144 ஹேர்ட்ஸ் என்று முடிவு செய்து, பொதியில் அனுப்பச் சொன்னோம்.

எங்கள் பழைய குழாய் மொனிட்டர், பாலம் இல்லாத காலத்தில் பாதை என்ற மிதவையில் ஏறி வந்தது. பதினைந்து கிலோ பாரம், இரண்டு பேர் பிடித்து நின்றோம், தண்ணீரில் விழுந்தால் மீனுக்குத்தான் படம். 2009 ஒக்டோபரில் திறந்த 396 மீற்றர் பாலத்தால் இந்தப் புதியது கால் நனையாமல் வரும் என்று வாசலில் காத்திருந்தேன். வரவில்லை. பொதியில் யாரோ ஓர் ஆங்கில எழுத்தை மாற்றி எழுதியதால் அது கிண்ணியாவை விட்டுக் கன்னியாவுக்குப் போய்விட்டது. வெந்நீர்க் கிணறுகள் ஏழும் அங்கேதான். இராவணன் தாய்க்குக் கடன் கழிக்க உண்டாக்கியவை என்று ஐதிகம். இரங்கல் இந்த மொனிட்டரை விடாது என்று விளங்கிற்று. இரண்டு நாளில் மீண்டு வந்தது.

மகன் பொருத்தினான். "பாருங்க வாப்பா, என்ன மாதிரி வழுக்கிக்கிட்டுப் போகுது!" என்றான். கூட்டாளிமார் வந்து பார்த்து ஒப்புதல் அளித்தார்கள். இரண்டு மாதம் கழித்து, ஆய்வாளன் என்ற உரிமையில் அமைப்புகளைத் திறந்து பார்த்தால், திரை வந்த நாளிலிருந்து 60 ஹேர்ட்ஸிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அதை 144 ஆக்குவது வாங்கியவர் கடமையாம். சத்தமில்லாமல் மாற்றிவிட்டேன். அன்றிரவு மகன், "இஞ்ச யாரோ கை வெச்சிருக்காங்க, இப்ப ஒரு மாதிரி இருக்கு" என்று குறைபட்டான். இதை நான் ஏட்டில் குறித்திருக்கிறேன், அவனிடம் சொல்லவில்லை.

ஆனால் உண்மையான இடர் வேறு திசையிலிருந்து, மேற்கிலிருந்து, வந்தது. மொனிட்டர் இருக்கும் அறைக்கு மேற்குப் பார்த்த ஜன்னல். எற்பாட்டில் தம்பலகாமக் குடாப் பக்கம் சாயும் சூரியன் நேரே திரையில் விழும். மனைவி பார்க்கும் படங்களில் பேய், கொலை, பிரிவு மூன்றும் இருட்டில் நடப்பவை. திரையில் தெரிந்ததோ அவளுடைய முகமும் கொடியில் காயும் துணியும். "மூஞ்சி தெரிஞ்சாக் காணும்னு சொன்னேன், அதுக்காக என்ட மூஞ்சியா?" என்றாள்.

இங்கே ஐபிஎஸ், விஏ என்ற இரு சாதித் திரைகளின் சண்டையைச் சொல்ல வேண்டும். ஐபிஎஸ் திரையில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒன்று, விஏ திரையில் மூவாயிரத்துக்கு ஒன்று. இந்த மூன்று மடங்குக்காகவே படப் பிரியர்கள் விஏ என்பார்கள். நாம் வாங்கியது ஐபிஎஸ். தவறிவிட்டோமா என்று இரண்டு இரவு தூங்கவில்லை. மூன்றாம் இரவு கணக்குப் போட்டேன். திரையின் வெள்ளை 250 நிட் என்க. அறையில் 500 லக்ஸ் வெளிச்சம், அதில் நூற்றில் இரண்டு பங்கைத் திரை சிதறித் திருப்புகிறது என்க. அந்தத் திருப்பிய வெளிச்சமே மூன்று நிட்டுக்கு மேல். அது கறுப்பின் மேல் போய்ப் பூசிக்கொள்ளும். இப்போது ஆயிரம் என்ற ஐபிஎஸ் 73 ஆகிறது. மூவாயிரம் என்ற விஏ 77 ஆகிறது! மூன்று மடங்குப் பெருமை நாலு எண்ணுக்குள் அடங்கிவிட்டது. அதே அறையை 20 லக்ஸுக்கு இருட்டினால் இந்த ஐபிஎஸ்ஸே 660 ஐத் தாண்டுகிறது. ஒன்பது மடங்கு. திரை மாற்றவில்லை, காசு செலவில்லை, வேண்டியது ஜன்னலுக்கு ஒரு மறைப்பு.

அன்று எற்பாட்டில் என்னுடைய தடித்த கட்டம் போட்ட சாறன் ஒன்றை இரண்டு ஆணியில் மாட்டினேன். ஒற்றையாகத் தொங்கவிட்டபோது கட்டங்கள் திரையில் தெரிந்தன. இரட்டையாக மடித்தபின் பேய் தெரிந்தது. மனைவி கத்தினாள். ஆய்வு வெற்றி.

மகன் வந்து பார்த்துவிட்டு, சமையலறை வாசல் வழியாகவும் வெளிச்சம் வருகிறது என்று சுட்டிக்காட்டினான். நியாயமான அவதானிப்பு. அடுத்த கட்ட ஆய்வுக்கு என்னிடம் மிஞ்சியிருப்பவை இரண்டு சாறன்கள். அவற்றில் ஒன்றை இப்போது உடுத்தியிருக்கிறேன்.