வாசிகசாலைத் தனாதிகாரிக்கு

ஸ்காபரோ,
மாசி மாதம், பனி முழங்கால் மட்டும்.

அன்பின் மச்சான்,

போன கிழமை போனில், "கனடாவிலை பகல் முழுக்க என்னடா செய்யிறாய்?" எண்டு கேட்டாய். நான் பதில் சொல்ல முதல் லைன் அறுந்து போச்சு. பதில் இதுதான்: நான் வாசிகசாலைக்குப் போறேன்.

சிரியாதை. மகனும் மருமகளும் விடிய ஆறு மணிக்கு வேலைக்கு ஓட, பேரன் பள்ளிக்கூடம் போக, வீட்டிலை மிச்சம் நானும் ஹீற்றரும்தான். ஹீற்றர் நல்லவன், ஆனால் ஒரே கதையைத்தான் திருப்பித் திருப்பிக் கதைப்பான். ஆனபடியால் இருபது நிமிசம் உடுப்பு மாட்டி, எட்டு நிமிசம் நடந்து, மால்வேர்ன் நூலகத்துக்குப் போய்விடுவேன். ரொறொன்ரோ நகரத்து நூலகத்துக்கு இப்படி 100 கிளை இருக்கு. எங்கட ஊரிலை ஒரேயொரு வாசிகசாலை கட்ட, வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் காணிக்காக எத்தனை கூட்டம் வைச்சுது எண்டு உனக்குத்தான் தெரியும். கூட்டக் குறிப்பு எழுதினவன் நீ.

முதல் நாள் அங்கத்துவ அட்டை எடுக்கப் போனேன். பேருக்கும் முகவரிக்கும் அத்தாட்சி காட்டினால் போதும், காசில்லை எண்டார்கள். மேசையில் இருந்த பிள்ளை, "முன்னம் கார்ட் இருந்ததா?" எண்டு கேட்டாள். இவர்களுடைய நூலகத்துக் கார்ட்டைத்தான் கேட்டிருக்கிறாள். எனக்கு விளங்கேல்லை. "ஓம், யாழ்ப்பாணத்திலை" எண்டேன். அவள் சிரித்துக்கொண்டே கொம்பியூட்டரில் 'இல்லை' எண்டு பதிந்தாள். 1981இல் யாழ்ப்பாண நூலகத்திலை எரிஞ்சது ஏறக்குறைய 97,000 புத்தகம், என்னட்டை மிஞ்சினது அந்தக் கார்ட் மட்டும்தான் எண்டு சொல்ல வாயெடுத்தேன். பின்னாலை வரிசை நின்றது. விட்டுட்டேன்.

இனி உனக்கு நெஞ்சிடி வரக்கூடிய சங்கதிக்கு வாறேன். கதிரையிலை இருந்து வாசி. ஒரு புத்தகத்துக்கு 21 நாள் தருகிறார்கள். ஒரே நேரத்தில் 50 வரைக்கும் எடுக்கலாம். "பிந்தினால் குற்றக்காசு எவ்வளவு?" எண்டு கேட்டேன். "இல்லை" எண்டாள் பிள்ளை. என்ரை ஆங்கிலத்திலை பிழையாக்கும் எண்டு மறுபடியும் கேட்டேன். மறுபடியும் "இல்லை". முதலிலை சின்னப் பிள்ளைகளுக்கு நிறுத்தினார்களாம், பிறகு 2022இல் பெரியாக்களுக்கும் நிறுத்திவிட்டார்களாம். குற்றக்காசுக்குப் பயந்து கையில் காசில்லாத சனம் நூலகப் பக்கமே வராமல் விட்டுதாம். புத்தகம் திரும்பி வராவிட்டால் மட்டும் அதன் விலையைக் கேட்பார்கள். கொண்டுபோய்க் கொடுத்தால் அதுவும் இல்லை.

மச்சான், 5 சதக் குற்றக்காசுக்காகத் தலைமை வாத்தியாரையே வாசிகசாலை வாசலில் மறித்து வைச்ச தனாதிகாரி நீ. இந்த ஊருக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தால் ஒரு நாளிலை செத்துப்போவாய்.

புத்தகம் மட்டும் எண்டு நினையாதை. சில கிளைகளிலை கித்தாரும் வயலினும் இரவல் தருகிறார்கள். அருங்காட்சியகத்துக்கு இலவச நுழைவுச்சீட்டும் எடுக்கலாம். அப்படி ஒரு சீட்டிலை பேரனோடை போய் டைனோசர் எலும்பு பார்த்தேன். பங்குனி வந்தால் வருமானம் குறைஞ்ச சனத்துக்கு வரிப் படிவமும் நிரப்பிக் கொடுப்பார்கள். புதுசாய் வந்த ஆக்களுக்கு வீடு, வேலை, வைத்தியர் எல்லாத்துக்கும் வழி சொல்ல வேறை ஆக்கள் வந்து இருப்பார்கள். எங்கட வாசிகசாலையிலை பேப்பரும் கரம் போர்டும். 'அமைதி காக்கவும்' எண்ட பலகைக்குக் கீழைதான் கரம் போர்டு.

ஆங்கிலம் கதைச்சுப் பழக ஒரு வட்டம் நடக்குது எண்டு அறிவித்தல் பார்த்து ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். நோட்டீசை வடிவாய்ப் பாராமல் இடக்கைப் பக்கத்து அறைக்குள்ளை நுழைஞ்சுட்டேன். வட்டமாய்த்தான் இருந்தார்கள். ஆனால் பத்துப் பன்னிரண்டு தாய்மார், மடியிலை ஆளுக்கொரு கைக்குழந்தை. அது கைக்குழந்தைகளுக்குப் பாட்டுப் பாடிக் கதை சொல்லும் நேரமாம். திரும்புவம் எண்டால் கதவுக்குக் குறுக்கை ஒரு தள்ளுவண்டி. நூலகக்காரப் பெண் புன்னகையோடை எனக்கு ஒரு மெத்தையைக் காட்டினாள். பேரப்பிள்ளையோடை வந்த கிழவன், பிள்ளை பின்னாலை வருகுது எண்டு நினைச்சிருப்பாள். அரை மணித்தியாலம், மச்சான். கை தட்டினேன், காதைத் தொட்டேன், மூக்கைத் தொட்டேன். பக்கத்திலை ஒரு குழந்தை என்ரை மூக்குக் கண்ணாடியைப் பிடிச்சுக்கொண்டு விடேல்லை. கடைசி வரைக்கும் என்ரை பிள்ளை வரேல்லை எண்டு எல்லாரும் கவலைப்பட்டார்கள்.

அடுத்த கிழமை சரியான அறைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஈரான்காரப் பொறியியலாளர் ஒருவர், எரித்திரியாப் பெண்கள் இரண்டு பேர், ஒரு சீனக் கிழவி, நான். அண்டைக்குத் தலைப்பு, 'உங்களுக்குப் பிடிச்ச மரக்கறி'. நான் முருங்கைக்காய் எண்டு தொடங்கினேன். தொடங்கின பிறகுதான் ஆபத்து விளங்கிச்சு. அது தடி மாதிரி இருக்கும் எண்டேன். தடியைச் சாப்பிடுவீர்களா எண்டார்கள். இல்லை, சப்புவம் எண்டேன். சப்பி விழுங்குவீர்களா? இல்லை, சக்கையைக் கோப்பை ஓரத்திலை வைப்பம். பொறியியலாளர் கொப்பியிலை எழுதுறதை நிப்பாட்டிப்போட்டார். அப்பதான் ஒரு சொல் ஆங்கிலமும் ஒழுங்காய் வராத அந்தச் சீனக் கிழவி பல்லாலை கிழிக்கிற மாதிரியும், சாறு உறிஞ்சுற மாதிரியும், துப்புற மாதிரியும் நடிச்சுக் காட்டி, கரும்பா எண்டு கையாலை கேட்டாள். நான் ஓம் எண்டேன். உறைப்பான கரும்பு எண்டு எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள்.

தமிழ்ப் புத்தகத்துக்கும் தனித் தட்டு உண்டு. ரமணிசந்திரன் நாவல்களின்ரை முதுகுதான் கூடத் தேய்ஞ்சு கிடக்கு. கவிதைத் தொகுதிகள் எல்லாம் புத்தம் புதுசு. இந்தக் கிளையிலை இல்லாத புத்தகத்தை வேறை கிளையிலை இருந்து கேட்டால், வாகனத்திலை இங்கை கொண்டுவந்து என்ரை துண்டைச் செருகித் தட்டிலை வைக்கிறார்கள். ஒரு பழைய நாவலுக்காக நகரத்தின்ரை மற்ற அந்தத்திலை இருந்து எனக்கு ஒரு வாகனம்! ஊரிலை எனக்காக வந்த ஒரே வாகனம் மூலத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கார்தான்.

இப்ப கடிதத்தின்ரை காரணத்துக்கு வாறேன். பள்ளிக்கூடத்துக்கு ஒரு பழைய சாமான் கொண்டுபோக வேணும் எண்டு பேரன் என்ரை சூட்கேசைக் கிளறினான். அடியிலை இருந்து செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவல் வெளியிலை வந்தது. முதல் பக்கத்திலை எங்கட வாசிகசாலையின் ஊதா முத்திரை. பின் அட்டையிலை ஒட்டின துண்டிலை உன்ரை கையெழுத்து: 1987 ஆவணி.

"அப்பப்பா, இதை ஏன் திருப்பிக் குடுக்கேல்லை?" எண்டான். 1995 ஐப்பசியிலை சண்டைக்குப் பயந்து ஊரே எழும்பி நடந்த இரவு, உடுப்புப் பைக்குள்ளை அதுவும் வந்துட்டுது எண்டேன். திரும்பிப் போய்ப் பார்க்க, அப்ப வாசிகசாலைக்கு நாலு சுவர் மட்டும் நின்றது எண்டும் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் யோசிச்சான். பிறகு, "அப்ப 21 நாள் எப்பவோ முடிஞ்சுது" எண்டான்.

கணக்குப் பார்த்தேன். 38 வருசம், ஏறக்குறைய 14,000 நாள். நாளுக்கு 5 சதப்படி 700 ரூபாய். கனடாக் காசுக்கு மூண்டு டொலர் சொச்சம். ஒரு கோப்பியும் ஒரு டோனட்டும் வாங்கினால் சரி. இவ்வளவு காலமும் கிடந்த அச்சம் இவ்வளவு மலிவெண்டு தெரிஞ்சிருந்தால் எப்பவோ கட்டியிருப்பேன்.

ஆனால் கட்டமாட்டேன். நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வாற ஒருவரிட்டைப் புத்தகத்தைக் குடுத்துவிடுறேன். நீ அதுக்கு முதல் நிர்வாக சபையைக் கூட்டி, ரொறொன்ரோவைப் போல எங்கட வாசிகசாலையிலும் குற்றக்காசு நீக்கம் எண்டு ஒரு தீர்மானம் நிறைவேற்றி, பிரதியை எனக்கு அனுப்பு. முன்மொழிஞ்சவர் எண்டு என்ரை பேரைப் போடலாம். பிரதி வந்த பிறகுதான் பார்சல் கட்டுவேன்.

மனைவி பிள்ளைகளை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
அங்கத்துவ இலக்கம் 17

பி.கு.: 57, 58ஆம் பக்கங்கள் இல்லை. நான் எடுக்கேக்கையே இல்லை.