ஒற்று மிகா இடம்

தஞ்சாவூர்ப் பக்கத்துச் சார்பதிவாளர் அலுவலகம் ஒன்றில் 34 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் பதவிக்கு அரசாங்கம் வைத்த பெயர் உதவியாளர். உதவி கேட்டு வந்தவர்கள் யாரும் என்னை அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க" என்பதை எத்தனை சுருதியில் சொல்ல முடியுமோ அத்தனையிலும் சொல்லியிருக்கிறேன். சர்வர் வருவதற்கு முன்னால் "ஐயா கேம்ப்" என்று சொல்வோம். எனக்கு இன்னொரு பெருமையும் உண்டு. இத்தனை ஆண்டில் நான் எழுதிய எந்தக் கோப்பிலும் 'எழுத்தர் பிழை' என்ற சொல் கிடையாது. தவறு நேர்ந்தால் அது மனுதாரரின் கவனக்குறைவு. ரொம்ப மிஞ்சிப் போனால் கரையான்.

இப்படிப்பட்டவனை 2023 அக்டோபரில் மகள் நியூ ஜெர்சிக்கு அழைத்துப் போய் ஆறு மாதத்துக்குச் சோபாவில் உட்காரவைத்தாள். வெளியே பனி. பேச்சுத் துணைக்கு மாப்பிள்ளை. அவர் அமெரிக்கர், அம்மா வழியில் பூர்வீகம் இத்தாலி. என்னை 'மாமா' என்று கூப்பிட மகள் பழக்கியிருந்தாள். அவர் வாயில் அது 'மம்மா' என்றுதான் வரும். இத்தாலியில் மம்மா என்றால் அம்மாவாம். நான் ஆட்சேபிக்கவில்லை. எங்கள் ஆபீஸ் வாசலில் நின்றவர்கள் என்னைக் கூப்பிட்டதையெல்லாம் பார்த்தால் இது எவ்வளவோ மேல்.

மாப்பிள்ளைக்கு ஓர் ஆசை. இத்தாலியில் குடியுரிமை இரத்தத்தோடு இறங்கும். 1861 மார்ச் 17 அன்று இத்தாலி ஒரே ராஜ்யமானது. அதற்குப் பிறகும் உயிரோடிருந்த ஓர் இத்தாலியரைக் காட்டி, அவரிலிருந்து தன் வரைக்கும் வரிசை அறுபடாமல் காகிதம் வைத்தால், எத்தனையாவது தலைமுறையாக இருந்தாலும் அப்போது பாஸ்போர்ட் உண்டு. நடுவில் யாராவது, அடுத்த வாரிசு பிறக்குமுன் வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால் போச்சு. மகள் இதை மொழிபெயர்த்து முடிப்பதற்குள் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தாய்ப்பத்திரம்! மூலத்திலிருந்து இன்றைய கிரயம் வரை இணைப்புப் பத்திரம் காட்டு என்கிறான் இத்தாலிக்காரன். இதைத்தானே 34 வருஷம் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்!

"மாப்பிள்ளை, இந்தக் கேஸை என்கிட்ட விடுங்க" என்றேன். அவர் "தேங்க்யூ மம்மா" என்றார்.

முதல் சாட்சி சம்பந்தியம்மா. வெண்ணெய் பிஸ்கட் வரும் நீல வட்ட டின் ஒன்றைக் கொண்டுவந்தார். நம் வீட்டில் அதில் ஊசி நூல் இருக்கும்; அவர் வீட்டில் வம்சம் இருந்தது. அவருடைய தாத்தா ஜுசெப்பே, 1909-இல் கப்பலேறி வந்து நியூவார்க்கில் கல்வேலை செய்தவர், நேப்பிள்ஸ்காரர், பிறந்தது 1887 என்றார். பெயரின் கடைசிப் பாதியில் இத்தாலியில் இரட்டை எழுத்து இருந்ததாம், எல்லிஸ் தீவில் குடியேற்ற அதிகாரி ஒருவர் அதை வெட்டிவிட்டாராம். இந்தக் கதை அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு உண்டு. நடந்தது வேறு. எல்லிஸ் தீவு அதிகாரி எவர் பெயரையும் புதிதாக எழுதவில்லை. கப்பல் புறப்படும் துறைமுகத்திலேயே எழுதிவந்த பட்டியலை வைத்துக்கொண்டு டிக் அடித்தவர் அவர். எழுத்தைத் தின்றது பின்னால் வந்த சம்பளப் பட்டியலும் பள்ளிக்கூட ரிஜிஸ்தரும்தான். தமிழில் சொன்னால், நேப்பிள்ஸில் மிகுந்த ஒற்று நியூவார்க்கில் மிகவில்லை. ஆனாலும் சம்பந்தியம்மாவிடம் நான் வாதாடவில்லை. ஒரு குமாஸ்தாவின் மேல் பழி விழும் இடத்தில் இன்னொரு குமாஸ்தா வாயைத் திறக்கக் கூடாது.

கப்பல் பட்டியல் இணையத்தில் கிடைத்தது. ஜுசெப்பேயின் வயது, தொழில், கையிலிருந்த பணம், ஊரில் விட்டுவந்த உறவினர் பெயர் வரைக்கும் இருந்தது. ஊர் மட்டும் நேப்பிள்ஸ் இல்லை. நேப்பிள்ஸ் அவர் கப்பலேறிய துறைமுகம். டில்லியில் இறங்கிய திருநெல்வேலிக்காரரும் மதராஸிதானே, அந்தக் கணக்கு. உண்மையான ஊர் தெற்கே பசிலிக்காத்தாவில், பொத்தென்சா மாகாணத்தில் ஒரு மலைக்கிராமம். ஆள் தங்காத சீமை அது. 1902-இல் பிரதமர் சனார்தெல்லி அந்தப் பக்கம் சுற்றுப்பயணம் போனபோது மொலித்தெர்னோ ஊர் மேயர் எட்டாயிரம் குடிமக்கள் சார்பில் வரவேற்றாராம். அதில் மூவாயிரம் பேர் அமெரிக்காவில் இருக்கிறார்கள், மீதி ஐயாயிரம் பேர் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள் என்றும் சேர்த்துச் சொன்னாராம். வரவேற்புரை என்றால் அது.

இத்தாலி அரசு தன் ஆவணக் காப்பகங்களின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளைப் படம் பிடித்து 'ஆன்டெனாட்டி' என்ற தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. முன்னோர்கள் என்று அர்த்தம். தெற்கு இத்தாலியில் இந்தப் பதிவேடுகள் 1809-இல் தொடங்குகின்றன. நெப்போலியனின் தங்கையைக் கட்டிய ம்யூரா நேப்பிள்ஸில் ராஜாவாக இருந்த சமயம். அதற்கு முன்னால் பாதிரியார்களின் கோவில் ஏடுதான். நெப்போலியனைப் பற்றி மற்றவர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். போன இடமெல்லாம் ரிஜிஸ்தர் போட்ட மனிதரை நான் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு பதிவும் இரண்டு பிரதி, ஒன்று ஊர் அலுவலகத்துக்கு, ஒன்று நீதிமன்றத்துக்கு. என்ன ஒழுங்கு!

ஒழுங்கு அவ்வளவோடு சரி. பல ஊர்களுக்குப் பெயர் போட்டுத் தேடும் வசதி கிடையாது. பக்கம் பக்கமாகத் தள்ளவேண்டும். ஆண்டு முடிவில் ஓர் அகரவரிசை இருக்கும். சில எழுத்தர்கள் அதைக் குடும்பப் பெயர்ப்படி எழுதாமல் சொந்தப் பெயர்ப்படி எழுதிவிட்டார்கள். தெற்கு இத்தாலியில் 'ஜு' வரிசையில் ஒருவரைத் தேடுவது, பழனியில் மொட்டை போட்டவரைத் தேடுவது.

காரணம், அவர்களும் நம்மைப் போல 'பெயரன்' பார்ட்டி. மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர். தாத்தா ஜுசெப்பேவுக்கு ஆறு மகன்கள் இருந்தால் ஊரில் ஆறு பேரன் ஜுசெப்பே, அதே குடும்பப் பெயரோடு, ஏறக்குறைய அதே வயதில். எங்கள் ஊரில் "கருப்பையா" என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பும். அங்கே தெருவே திரும்பும். நல்லவேளையாக ஒரு தயவு செய்தார்கள்: கல்யாணமானாலும் பெண்கள் பிறந்தவீட்டுப் பெயரைத்தான் பதிவேட்டில் கடைசிவரை வைத்துக்கொள்கிறார்கள். அம்மா பெயரைப் பிடித்தால் எந்த ஜுசெப்பே என்று தெரிந்துவிடும்.

பிடித்தேன். அம்மா பெயர், அப்பா பெயர் இரண்டும் பொருந்த ஒரு ஜுசெப்பே 1885-இல் கிடைத்தார். வயதில் இரண்டு வருஷம் அந்தக் காலத்தில் ஒரு பொருட்டா என்று மாப்பிள்ளையிடம் வெற்றிச் செய்தி சொன்னேன். அவர் எனக்குக் கட்டித் தழுவலும் ஒரு கோப்பைத் திராட்சை ரசமும் கொடுத்தார். ரசத்தை என் மனைவி வாங்கி உள்ளே வைத்துவிட்டாள். மறுநாள் இறப்புப் பதிவேட்டைச் சும்மா புரட்டியதில் அதே ஜுசெப்பே 1887 பிப்ரவரியில் காலமாகியிருந்தார். ஒன்றரை வயதுக் குழந்தை. அன்று மாலை ஆபீஸிலிருந்து வந்த மாப்பிள்ளையிடம், கொள்ளுத்தாத்தா ஒன்றரை வயதிலேயே போய்விட்டபடியால் சட்டப்படி நீங்கள் பிறந்திருக்க வழியில்லை என்பதை எப்படிச் சொல்வது? ஆபீஸில் ஆயிரம் பேருக்குச் சொத்தே இல்லை என்று சொல்லியிருக்கிறேன். ஆளே இல்லை என்று சொன்னதில்லை.

காப்பாற்றியது மாப்பிள்ளையேதான். ஒரு பிள்ளை இறந்தால் அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு அதே பெயரை வைப்பார்கள் என்று எங்கோ படித்திருந்தார். தாத்தா பெயர் விட்டுப்போகக் கூடாதாம். ஆக, 1887-இல் இன்னொரு ஜுசெப்பே இருக்கவேண்டும். டின்னில், ஊர்ப் பாதிரியார் கொடுத்த ஞானஸ்நானச் சீட்டு ஒன்று இருந்தது. அதில் தேதி தெளிவாக இருந்தது: 18, பிறகு 8 போட்டு அதன் ஒட்டில் 'ப்ரே' என்று மூன்று எழுத்து. எட்டு என்றால் ஆகஸ்ட். பதிவுத்துறைக்காரனுக்கு இது தெரியாதா? ஆகஸ்ட் பதிவுகளை மூன்று நாள் சலித்தேன். இல்லை. ஜூலை, செப்டம்பரும் சலித்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி கேட்டாள்:

"ஏங்க, எட்டுக்கு அவங்க ஊர்ல என்ன?"

"ஓட்டோ."

"ஓட்டோபர்னு ஒண்ணு இருக்கே? எங்க தாத்தா சொல்வாரு, செப்டம்பர்ல சப்தம், அக்டோபர்ல அஷ்டம், நவம்பர்ல நவம், டிசம்பர்ல தசம்னு. மார்ச்சிலேர்ந்து எண்ணணுமாம்."

அக்டோபர் 20, வரிசை எண்ணோடு ஜுசெப்பே உட்கார்ந்திருந்தார். பிறந்து இரண்டு நாளில் அப்பா வந்து பதிந்திருக்கிறார். மனைவி கீரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதைவிட என்னை அலைக்கழித்தது 'ஃபூ'. அப்பா பெயருக்கும் தாத்தா பெயருக்கும் நடுவில் இந்த ஃபூ அடிக்கடி வந்தது. நம்மூர் இனிஷியல் என்று நினைத்து, வம்சவிருட்சத்தில் ஃபூ என்று ஒரு மூதாதையை உட்காரவைத்து, அவருக்குப் பதினேழு பிள்ளைகளையும் கொடுத்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது. அப்பா உயிரோடிருந்தால் 'தி', காலமாகிவிட்டால் 'ஃபூ'. 'இருந்தார்' என்று அர்த்தம். "காலஞ்சென்ற இன்னார் குமாரர்" என்று நம் பத்திர எழுத்தர் அரை வரி எழுதிப் பக்கக் கணக்குக்குக் காசு வாங்கும் விஷயத்தை இத்தாலிக்காரன் இரண்டெழுத்தில் முடித்துவிட்டான். நஷ்டத் தொழில்.

அமெரிக்க வேலை ஒன்றும் பாக்கி இருந்தது. ஜுசெப்பே கடைசிவரை அமெரிக்கக் குடியுரிமை வாங்கவில்லை. அப்படி வாங்கிய பதிவு எதுவும் இல்லை என்று அமெரிக்க அரசிடம் சான்று வாங்கவேண்டும். இல்லாத ஒன்றுக்கு எப்படிச் சான்றிதழ் தருவார்கள் என்று மாப்பிள்ளை விழித்தார். எங்கள் கடையில் அதிகம் விற்கும் சரக்கே அதுதான், அதற்கு 'வில்லங்கமில்லா வில்லங்கச் சான்று' என்று பெயர் என்றேன். மகள் மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

அடுத்து, அந்த ஊர் நகராட்சியிலிருந்து அசல் நகல். அசலா நகலா என்று கேட்காதீர்கள். பதிவுத்துறையில் இரண்டும் ஒன்றுதான். மின்னஞ்சல் அனுப்பினோம், பதில் இல்லை. தபாலில் எழுதினோம். நாலு மாதம் கழித்து ஓர் உறை வந்தது. உள்ளே பிறப்புச் சான்றிதழ். அதில் பெற்றோர் பெயர் இல்லை. சான்றிதழ் வேறு, பெற்றோர் பெயருள்ள சுருக்கம் வேறு, பதிவின் முழுநகல் வேறு, எது வேண்டும் என்று மனுவில் குறிப்பிட்டிருக்கவேண்டும். மாப்பிள்ளைக்குக் கோபம். எனக்குக் கண் பனித்தது. கேட்டதை மட்டும் கொடுத்திருக்கிறான் புண்ணியவான்!

2024 செப்டம்பரில் எல்லோருமாக நேரிலேயே போனோம். மலைமேல் கல் வீடுகள். பாதி வீடுகளில் பூட்டு. பிறப்பு-இறப்புப் பிரிவு வாரத்தில் இரண்டு காலை மட்டும், பன்னிரண்டு மணி வரை. நாங்கள் போய்ச் சேர்ந்தது 11.40. கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட பெரியவர் ஒருவர் மேஜைக்குப் பின்னால். அவர் முதலில் எங்களைப் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மனுவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. அதற்குக் காப்புரிமை வாங்காமல் விட்டதுதான் நான் செய்த தவறு. "தொமானி" என்றார். நாளைக்கு.

கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று அந்தச் சொல்லைக் கேட்டது அதுதான் முதல் தடவை. என்ன ஒரு கனம்!

வேறு வழியில்லாமல் மாப்பிள்ளையின் அரைகுறை இத்தாலியனில் சொல்லச் சொன்னேன்: இவரும் பதிவு அலுவலகத்தில் 34 வருஷம். பெரியவர் எழுந்தார். "கொல்லேகா!" என்று என் இரண்டு கையையும் பிடித்தார். சக ஊழியர். கவுண்டர்ப் பலகையைத் தூக்கி, என்னை மட்டும் உள்ளே விட்டு, பதிவறைக்குக் கூட்டிப்போனார். அதே வாசனை. பழைய தாள், தூசி, எப்போதோ நனைந்து காய்ந்த அட்டை. தஞ்சாவூரில் நிற்கிறேனா என்று திகைத்துவிட்டேன்.

1887-ஐ அவர் தூக்கிவந்து பிரித்தார். கையெழுத்தைப் பார்த்ததும் நான் அந்தப் பழைய எழுத்தரின் விசிறியாகிவிட்டேன். ஒவ்வொரு பதிவிலும் மணி, நிமிஷம் எழுத்தால் எழுதியிருக்கிறது. ஒன்பது மணிப் பதிவு முத்து கோத்தாற்போல் இருக்கிறது. பதினொன்றரை மணிப் பதிவு சாப்பாட்டை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. ஜுசெப்பேயின் அப்பாவுக்கு எழுதத் தெரியாது. நம்மூர் என்றால் கைநாட்டு. இங்கே எழுதத் தெரியாதென்று சொன்னதாக ஒரு வரி, கீழே சாட்சிகள். மார்ஜினில் பின்னால் சேர்த்த குறிப்புகள். குடும்பப் பெயரில் அந்த இரட்டை எழுத்து, மை ஊறி, கொழுகொழுவென்று. பெரியவர் முழுநகல் எடுத்து முத்திரை குத்தியபோது மணி 12.50. அவருடைய சாப்பாட்டை நான் தின்றுவிட்டேன். வாழ்நாளில் யாருக்காவது 12.50 வரை உட்கார்ந்திருக்கிறேனா என்று யோசித்தபடியே மலையிறங்கினேன்.

தூதரகத்தில் நாள் கிடைக்கக் காத்திருந்தோம். 2025 மார்ச் 28 அன்று இத்தாலி அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மே மாதம் நாடாளுமன்றம் அதை உறுதி செய்தது. இனிமேல் எத்தனை தலைமுறை வேண்டுமானாலும் என்ற பேச்சு இல்லை. பெற்றோர் அல்லது தாத்தா பாட்டி, அதுவும் வேறு குடியுரிமை கலக்காத இத்தாலியராக வாழ்ந்திருக்கவேண்டும். கொள்ளுத்தாத்தா செல்லாது. மாப்பிள்ளை நடுராத்திரியில் போன் செய்தார். "மம்மா" என்றார். அதற்கு மேல் பேச முடியவில்லை.

நான் சட்டத்தை மறுபடி படிக்கச் சொன்னேன். மாப்பிள்ளைக்குத்தான் ஜுசெப்பே கொள்ளுத்தாத்தா. சம்பந்தியம்மாவுக்குச் சாட்சாத் தாத்தா. கடைசி மூச்சுவரை இத்தாலியர். தாய்ப்பத்திரம் தாய்க்குத்தான் செல்லுபடி!

சம்பந்தியம்மாவுக்கு வயது 70. நியூ ஜெர்சியைத் தாண்டி அதிகம் போனதில்லை. இப்போது அவர் தினமும் இத்தாலியன் பாடம் படிக்கிறார். மகனிடம் ஐரோப்பிய விமான நிலையத்தில் எந்த வரிசையில் நான் நிற்பேன், எந்த வரிசையில் நீ நிற்பாய் என்று விளக்குகிறாராம். நேற்று எனக்கே போன் வந்தது. தாத்தா பதிவில் இரட்டை எழுத்து, தன் பதிவில் ஒற்றை எழுத்து. ஏன் என்று எழுத்தில் விளக்கம் வேண்டுமாம். பதிவுத்துறை அனுபவஸ்தர் நீங்கள்தானே, ஒரு வரைவு எழுதிக் கொடுங்கள் என்றார்.

காகிதம் எடுத்து உட்கார்ந்தேன். மனுதாரரின் கவனக்குறைவு என்று எழுத முடியாது. மனுதாரர் அப்போது பிறக்கவில்லை. கரையானும் ஓர் எழுத்தை மட்டும் பார்த்துத் தின்னாது. காபி ஆறும் வரை பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். பிறகு எழுதினேன்: "மேற்படி பெயரில் ஒற்று விடுபட்டது எழுத்தர் பிழையே அன்றி வேறில்லை."

கை கொஞ்சம் நடுங்கியது. மனைவியிடம் காட்டினேன். வாங்கிப் படித்தவள், பிழையில் 'ழை' சரியாக விழவில்லை, திருப்பி எழுதுங்கள் என்றாள்.